கடைசி விக்கெட் நின்ற முக்கால் மணித்தியாலம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அப்பாவின் கல்லூரித் தோழர்களுக்கும் வணக்கம்.

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானபோது, அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "பிறந்த இடத்திலயிருந்து ஒழுங்கா எழுது பிள்ளை. கிரிக்கெட்டில தொடங்காதை." அம்மா சொன்னபடியே செய்ய முயல்கிறேன். எனக்கு எதையும் ஒழுங்காகச் சொல்லப் பொறுமை போதாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. செத்தவீட்டில் இரண்டு கதைகள் உலாவின. கல்லூரி வென்ற சந்தோஷத்தில் அப்பாவின் இதயம் நின்றுவிட்டது என்பது ஒரு கதை. மாமா வேடிக்கைக்கு விட்ட பகிடியால்தான் அப்பாவுக்கு உதவி பிந்தியது என்பது மற்றக் கதை. இரண்டும் பிழை. அப்பாவுக்கு நெஞ்சு நொந்த அன்று, லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டின் முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அங்கே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இந்தக் கதைகளைக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு வருடமாகப் பேசாமல் இருக்கும் ஒருவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில், கல்லூரி மணி அடித்தால் வீட்டு முற்றத்துக்குக் கேட்கும் தூரத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காவது. கல்லூரி என்று நாங்கள் சொல்லும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஆறாம் வகுப்பில் காலடி வைத்தவர், மனத்தளவில் அங்கிருந்து வெளியே வரவேயில்லை. இத்தனைக்கும் அப்பா கல்லூரி அணிக்காக ஒரு பந்துகூட வீசியதில்லை. துடுப்பைப் பிடித்தால் முதல் பந்திலேயே போய்விடுவார் என்று அவருடைய தோழர்களே சொல்லியிருக்கிறார்கள். "நான் பார்க்கிற அணியில இருந்தனான்" என்பதுதான் அப்பாவின் பதில். அதை அவர் வேடிக்கையாகச் சொல்வதில்லை. விளையாடுகிற பதினொரு பேருக்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ, பார்க்கிறவர்களுக்கும் அவ்வளவு உண்டு என்று உண்மையாகவே நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா பத்தாம் வகுப்பில் படித்த வருடம், எங்கள் கல்லூரிக்கும் எதிர்க் கல்லூரிக்கும் வருடாவருடம் நடக்கும் கிரிக்கெட் போட்டியான பிக் மாட்ச்சின் கடைசி நாள். எங்கள் பக்கத்தில் கடைசி இரண்டு பேர் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாங்காமல் அப்பா மதிலடிக்குப் போய் ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினார். அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கூட இருந்த பொடியன்கள் ஒருவன் மிச்சமில்லாமல் அப்பாவைத் திட்டினார்கள். அவர் எழும்பிப் போனதால்தான் விக்கெட் போனதாம். அன்றிலிருந்து அப்பாவின் பட்டப்பெயர் 'ஐஸ்பழம்'. கனடாவிலிருந்து அவருடைய தோழர் தொலைபேசியில் அழைத்தால் இப்போதும், இல்லை, போன வருடம் வரைக்கும், "ஐஸ்பழம் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார். அப்பாவும் சிரித்துக்கொண்டு போனை வாங்குவார். ஆனால் அந்தக் குற்றச்சாட்டை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

பிறகு போரால் பிக் மாட்ச் சில வருடங்கள் நடக்காமல் போனது. வீடு போனது. அப்பா தன் அண்ணன் ஒருவரை இழந்தார். இருபது வயதில் அப்பா நாட்டை விட்டு வெளிக்கிட்டு ஜேர்மனியில் ஓர் அகதி முகாமில் இருந்தார். ஓர் அறையில் எட்டுப் பேர், ஒரு யன்னல். அங்கிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களில் சுகம் விசாரித்த கையோடு ஸ்கோரும் கேட்டிருக்கிறார். பதில் வர இரண்டு மாதம் பிடித்ததாம். இரண்டு மாதத்துக்கு முந்திய தோல்விக்காக அவர் ஒருநேரம் சாப்பிடாமல் இருந்ததை, அதே அறையில் இருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேஷனில் நின்றார். பிறகு தபால் பிரிக்கும் இடத்தில் வேலை கிடைத்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். டிசம்பரில் நத்தார் பண்டிகை நாளில் எல்லாரும் வீட்டில் நிற்க விரும்புவார்கள். அப்பா மற்றவர்களுடைய நத்தார் ஷிப்டுகளைக் கேட்டு வாங்கிச் செய்வார். அதற்குப் பதிலாக மார்ச் மாதத்தில் பிக் மாட்ச் நாட்களில் அவருக்கு லீவு. அந்த ஒப்பந்தம் வேலையிடத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்லூரியிலிருந்து புதிதாக லண்டன் வந்த எந்தப் பிள்ளைக்கும் அறை தேடிக் கொடுப்பதும், குளிருக்குக் கோட் வாங்கிக் கொடுப்பதும், கவுன்சில் கடிதங்களை விளங்கப்படுத்துவதும் அப்பாவின் வேலை. அந்தப் பிள்ளை எதிர்க் கல்லூரியாக இருந்தாலும் செய்வார். ஆனால் அந்தப் பிள்ளை அன்று இரவுச் சாப்பாட்டோடு கொஞ்சம் நக்கலும் வாங்கிக்கொண்டுதான் போவார்.

அம்மாவைக் கலியாணம் பேசி வந்தபோது அப்பா முதலில் கேட்ட கேள்வி, பெண்ணின் தம்பி எந்தக் கல்லூரி என்பது. "சாதகம் பொருந்தினது இவருக்குச் சந்தோஷமில்லை. தம்பி அந்தப் பக்கம் எண்டதுதான் கவலை" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்தத் தம்பிதான் லண்டனிலேயே நோர்பரியில் இருக்கும் என் மாமா. எதிர்க் கல்லூரியின் பழைய மாணவர். அப்பாவுக்கு லண்டனில் அவரைவிட நெருங்கிய சிநேகிதர் எவரும் இல்லை.

நான் பிறந்தது இங்கே. அப்பாவினதோ ஆண்கள் கல்லூரி. நான் அங்கே ஒருநாளும் படித்திருக்க முடியாது. ஆனாலும் எங்கள் அணியின் பெயர்ப் பட்டியல் வெளியான அன்றே அப்பாவும் நானும் அதை வைத்துச் சண்டை பிடிப்போம். பல்கலைக்கழகத்தில் என் கூட்டாளிகளுக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை. நான் போகாத பள்ளிக்கூடம், பார்க்காத பொடியன்கள், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஓர் ஆட்டம். இதற்காக நான் விடிய முதலே எழும்பி இருப்பேன். இப்படி ஆக்கிவிட்டவர் அப்பாதான், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை.

எங்கள் வீட்டில் பிக் மாட்ச்சுக்கு ஒரு விதி இருந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் நின்று ஆடத் தொடங்கினால், யார் எங்கே இருக்கிறோமோ அங்கேயே இருக்க வேண்டும். ஒருவர் அவுட் ஆகும் வரைக்கும் எழும்பக்கூடாது. தண்ணீர் குடிக்கவும் கூடாது, கதவு திறக்கவும் கூடாது. அதற்கு விலக்கு மாமாவுக்கு மட்டும்தான், ஏனென்றால் அவர் எதிரி. அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு மாமா செய்யாத பகிடி இல்லை. எங்களில் ஒருவரையாவது எழுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய இலக்கு. ஒருமுறை வெளியே போய்த் தானே வாசல் மணியை அடித்தார். இன்னொருமுறை, "அத்தான், உங்கட காருக்கு டிக்கெட் எழுதுறான்" என்றார். அப்பா அசையவில்லை. அபராத டிக்கெட் உண்மையாகவே வந்தது. வேறொரு வருடம் அடுப்பில் பருப்புக் கரிகிறது என்றார். அதுவும் உண்மைதான். அன்று நாங்கள் கரிந்த பருப்பைச் சாப்பிட்டோம். அந்த ஜோடி அறுபது ரன் சேர்த்தது. அதனால் அப்பாவுக்கு விதி மேலும் உறுதியானது.

போன வருடம் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மாமா முதல்நாளே வந்து தங்கிவிட்டார். விடியற்காலையிலிருந்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லண்டனில் பதினொரு மணி இருக்கும், அங்கே பின்னேரம். எங்கள் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. வெல்ல இன்னும் நாற்பத்தொரு ரன் வேண்டும். பதினோராவதாகத் துடுப்போடு வந்த பொடியனைப் பார்த்து மாமா, "அத்தான், சோறு போடட்டோ? இனி என்ன இருக்கு" என்றார்.

"வாயை மூடு மச்சான்" என்றார் அப்பா.

அந்த நேரத்தில் அப்பா சோபாவின் இடது மூலையில் இருந்தார். நான் ஹீட்டருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார். நின்றவர் நின்றபடியே மாட்டிக்கொண்டார்.

ஓர் ஓவர் போனது. இரண்டு ஓவர். அந்தப் பொடியன் தடுத்துத் தடுத்து ஆடினான். மற்றவன் அடித்தான். வேண்டிய ரன் இருபத்தொன்பது ஆனது. அப்பா இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பதற்றத்தில் அவர் எப்போதும் எதையாவது தேய்ப்பவர்தான் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

இருபத்திரண்டு. அப்பாவின் நெற்றியில் வியர்வை. ஹீட்டர் போட்டிருந்த அறை, எனக்கும் வியர்த்தது.

"என்ன செய்யுது?" என்று அம்மா வாசலில் நின்றபடி கேட்டார்.

"வாயு. காலமை குடிச்ச தேத்தண்ணி."

பதினேழு ஆனபோது மாமா தொலைக்காட்சியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தான், உங்கட முகம் சரியில்லை. எழும்புங்கோ, ஒருக்கா ஆசுப்பத்திரிக்குப் போவம்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மூச்சுப் போதவில்லை. "உனக்கு நான் எழும்ப வேணும். அதுதானே? எழும்பமாட்டன்."

"பகிடி இல்லை அத்தான்."

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். "மாமா, இந்த முறை நல்லா நடிக்கிறியள்" என்றேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

மாமா போனை எடுத்து அவசர உதவிக்கு 999 அழைத்தார். அப்பா, "உந்த நாடகமும் எங்களுக்குத் தெரியும்" என்றார். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் இருந்த மேசையில் வைத்தார். ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டார், நோயாளி மூச்சு விடுகிறாரா என்று. அந்தக் குரலைக் கேட்டதும் நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். முதல் தடவையாக, ஒரு ஜோடி நின்று ஆடிக்கொண்டிருக்கும்போது, எங்கள் கட்சியில் ஒருவரான அம்மா அந்த அறையைக் கடந்து நடந்தார். அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேர்த்துத் தண்ணியா இருக்கு. குளிருது" என்றார்.

போனில் இருந்த பெண், அவரைச் சோபாவிலிருந்து இறக்கி நிலத்தில், சுவரில் சாய்த்து இருத்தச் சொன்னார். அஸ்பிரின் இருந்தால் மெல்லக் கொடுக்கச் சொன்னார். அப்பாவுக்கு எல்லாம் கேட்டது. திரையைப் பார்த்தார். எட்டு ரன் வேண்டும். பந்து வீசுபவன் ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தான்.

"இந்த ஓவர் முடியட்டும்" என்றார்.

"இஞ்சாருங்கோ, அவங்கள் தோத்தா அடுத்த வருசமும் விளையாடுவாங்கள்" என்று அம்மா கையை இழுத்தார். அப்பா அசையவில்லை. பிடிவாதமா, இயலாமையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாமா சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் வந்து முழங்காலில் இருந்தார். "அத்தான்," என்றார், "நீங்கள் வெல்லுங்கோ. எனக்கு வேண்டாம். நீங்கள் வெல்லுங்கோ, எழும்புங்கோ."

அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மாமா தாங்கிப் பிடிக்க, அப்பா எழும்பினார்.

நான் அஸ்பிரின் தேடிப் பக்கத்து வீட்டுக்குச் செருப்பில்லாமல் ஓடினேன். திரும்பி வந்தபோது அப்பா சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். மாத்திரையை வாயில் போட்டபோது மெதுவாக, "நாலு அடிச்சவன்" என்றார். இன்னும் நாலு ரன் வேண்டும்.

அம்புலன்ஸ் வந்தது. பச்சை உடுப்பில் இருவர். நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டே அவர்களில் ஓர் இளம்பெண், நெஞ்சு நோ எப்போது தொடங்கியது என்று கேட்டார். அப்பா ஆங்கிலத்தில் மிகத் தெளிவாக, ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது என்றார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கணக்குப் பார்த்தேன். பதினொரு ஓவர். ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம். அதைச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. கை மட்டும் வேகமானது.

முக்கால் மணித்தியாலம் அப்பாவுக்கு நெஞ்சு நொந்தது. நாங்கள் மூன்று பேர் ஐந்தடி தூரத்தில் இருந்தோம்.

அம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். என் போனில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீதியில் எங்கேயோ திரும்பும்போது அந்தப் பதினோராவது பொடியன் அவுட் ஆனான். மூன்று ரன்னால் தோற்றோம். ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து அப்பா கண்ணால் கேட்டார். "இன்னும் விளையாடுகினம் அப்பா" என்றேன். ஆகவே, வென்ற சந்தோஷத்தில் அப்பா போனார் என்று சொல்பவர்களே, நாங்கள் வெல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்றே இரத்தக்குழாயின் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி அதற்கு முன்பே பழுதாகிவிட்டது என்றார் வைத்தியர். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. நேரம் என்ற ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டாம் நாள் அப்பா நன்றாகப் பேசினார். மாமா கட்டிலருகே வந்து நின்றார். முடிவை அவரே சொன்னார். "அத்தான், மூண்டு ரன். வெண்டது நாங்கள்."

"தெரியும். பிள்ளையின்ர முகத்திலயே தெரிஞ்சது." அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு, "ஆனா நான் எழும்பினாப் பிறகு நாலு அடிச்சவங்கள்" என்றார்.

"ஓம், அடிச்சவங்கள்."

"அப்ப எழும்பிறதுக்கும் விக்கெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, கனடாவுக்குப் போன் அடிச்சுச் சொல்லு. அந்த ஐஸ்பழத்துக்கும் நான் பொறுப்பில்லையாம் எண்டு."

மாமா சிரிக்கவில்லை. "அத்தான், நான் முந்தி அவ்வளவு பகிடி விட்டிருக்காட்டி நீங்கள் அண்டைக்கு என்னை நம்பியிருப்பியள்."

அப்பா திரும்பி அவரைப் பார்த்தார். "விசர்க் கதை கதையாதை. நோகுது எண்டு எனக்குத் தெரியும். நீ பார்க்க முதலே தெரியும். உன்னை நம்பாமல் நான் இருக்கேல்லை. அந்தப் பொடியனை விட்டிட்டு எழும்ப ஏலாமல் இருந்தனான்."

இதை அம்மாவும் நானும் காதால் கேட்டோம். இரண்டாவது கதையைச் சொல்லித் திரிந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா மொத்தம் ஒன்பது நாள் இருந்தார். அந்த நாட்களில் அம்மாவிடம் நிறையப் பேசினார். என்னிடம் என் பரீட்சையைப் பற்றியும், அடுத்த வருட அணியில் யாரை முதலில் அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றியும் பேசினார். இதில் இரண்டாவதில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, இப்போதும் ஒத்துப்போகவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அம்மா கையைப் பிடித்திருக்க, இதயம் களைத்துப்போய் அடங்கினார்.

அஸ்பிரின் பெட்டியோடு என் பின்னாலேயே ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும், அம்புலன்ஸில் வந்த இருவருக்கும், அப்பாவின் கட்டிலருகே நின்று அவர் சொன்ன கிரிக்கெட் கதைகளை விளங்காமலே கேட்டுக்கொண்டிருந்த தாதிமாருக்கும் எங்கள் நன்றி. அந்த வருட நத்தார் ஷிப்டை அப்பாவின் பெயரில் தாங்களாகவே பிரித்துச் செய்த வேலைத் தோழர்களுக்கு நன்றி. முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் நன்றி. இந்த மாதமும் பிக் மாட்ச் வருகிறது. உங்கள் வீடுகளிலும் எங்கள் வீட்டைப் போல விதிகள் இருக்கும், அது எனக்குத் தெரியும். யாருக்காவது நொந்தால் அந்த விதியை உடையுங்கள். விக்கெட் விழுந்தால் விழட்டும்.

கடைசியாக மாமாவுக்கு.

இந்த ஒரு வருடமாக மாமா ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். மரக்கறி கொண்டு வருவார். கோட்டைக் கழற்றாமல் வாசல் நடையில் நின்று அம்மாவோடு பேசிவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விடுவார். முன்னறைக்குள் அவர் வருவதில்லை. அந்த இரண்டு கதைகளில் ஒன்றை அவரும் நம்பிவிட்டார்.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மா கேட்டும், போனில் அந்தப் பெண் சொல்லியும் அப்பா எழும்பவில்லை. நான் உங்களைக் கேலி செய்துகொண்டிருந்தேன். எட்டு ரன் இருக்கையில், உங்கள் கல்லூரி வெல்லப்போகும் நேரத்தில், "நீங்கள் வெல்லுங்கோ" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நீங்கள் அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. அது பகிடியாக இருக்க முடியாது என்று அப்பாவுக்குத் தெரிந்தது அதனால்தான். ஒரு பழைய மாணவர் அதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று இந்த மலரைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அந்த ஒன்பது நாட்களைத் தந்தது நீங்கள்தான்.

உள்ளே வந்து இருங்கோ மாமா.